கரையில் கட்டுமா, கடலில் நிற்குமா? அம்மாவோடு ஒரு கப்பல் பயணம்

அம்மாவுக்கு இடது பக்கம் வாதம் வந்த பிறகு, வெளியூர்ப் பயணம் என்று யாராவது ஆரம்பித்தாலே வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கைப்பிடியைப் பிடித்து எழுந்து நிற்பார். தாங்கிக்கொண்டால் பத்தடி நடப்பார். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். கைத்தடியோடு நடப்பார், நாற்காலியில் உட்காரச் சொன்னால் கோபம் வரும். இருவரும் பட்டர்வொர்த் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். பினாங்கை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் ஊராக ஓட்டல் மாற்றி, தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பது இவர்களுக்கு ஆகாது. அறை மாறாமல் ஊர் மாறுவது கப்பலில்தான் நடக்கும். என் கணவர் பள்ளி ஆசிரியர் என்பதால் செப்டம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் இடம் போட்டோம்.

கப்பல் தேடும்போது எல்லாரும் நீச்சல் குளத்தையும் சாப்பாட்டையும் கேளிக்கை அரங்கையும் பார்க்கிறோம். நடக்க முடியாதவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது துறைமுகப் பட்டியல். கப்பல் அந்த ஊரில் கரையை ஒட்டி நின்று கயிறு கட்டுமா, அல்லது கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்குமா? இந்த ஒரு கேள்விதான் பயணத்தையே தீர்மானிக்கிறது. நாங்கள் முதலில் விசாரித்த முகவர் "எல்லா இடத்திலும் வீல்சேர் போகும்மா, கவலையே வேண்டாம்" என்றார். கப்பல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டோம். புக்கெட்டில் படகுதான், வானிலையைப் பார்த்துக் கேப்டன் முடிவு செய்வார் என்று பதில் வந்தது. மற்ற இரண்டு ஊரிலும் கரையில் கட்டுவார்கள் என்று உறுதியான பிறகே பணம் கட்டினோம்.

செப்டம்பர் 2, 2024, திங்கள். சிங்கப்பூர்

மரினா பே கப்பல் நிலையத்தில் ஏறுவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தனி வரிசை. நிலையத்திலிருந்து கப்பல் வரை மூடிய பாலம், படியே இல்லை. கப்பலில் இருக்கும் நாற்காலிகளை ஏற்றி இறக்க மட்டும்தான் தருகிறார்கள். ஊர் சுற்ற நாம்தான் கொண்டுபோக வேண்டும். அம்மாவுடைய நாற்காலி 25 அங்குல அகலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கப்பலில் சாதாரண அறைகளின் கதவு பல சமயம் இதைவிடக் குறுகல். குளியலறை வாசலில் ஒரு தடுப்பும் உயர்ந்து நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் கதவு 32 அங்குலம். குளியலறைத் தரை மட்டமாக இருக்கிறது. சுவரில் மடக்கு இருக்கை, கழிப்பறைக்கு இரண்டு பக்கமும் பிடி, படுக்கைக்குப் பக்கத்தில் அவசர மணி. விலை அதே வகைச் சாதாரண அறையின் விலைதான். ஆனால் அப்படிப்பட்ட அறைகள் கொஞ்சமே இருப்பதால் ஜனவரியிலேயே போட்டுவிட்டோம்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தனித்தனிக் கட்டில் கேட்டிருந்தோம். அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். கட்டிலைப் பிரித்ததும் நடுவில் இருந்த இடம் போய்விட்டது. நாற்காலியைத் திருப்ப முடியவில்லை, பால்கனிப் பக்கம் போகவே வழியில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பீன்ஸ் தம்பி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கட்டில்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, சுவரோரம் தள்ளினார். சக்கரங்கள் தாராளமாகத் திரும்பின. "சின்ன வயசில ஒரே பாயிலதானே படுத்தோம்" என்று பெரியம்மா சுவர்ப் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

கப்பல் கிளம்பும் முன் எல்லாரும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும். இப்போதெல்லாம் தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, நமக்கென்று குறித்த இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். நான் அங்கிருந்த அதிகாரியிடம், ஆபத்து வந்தால் லிஃப்ட் நின்றுவிடுமே, அம்மாவை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். அவர் உடனே படிக்கட்டோரம் ஒரு பெட்டியைத் திறந்து, படியில் சறுக்கி இறக்கும் மடக்கு நாற்காலியைக் காட்டினார். எங்கள் அறை எண் தன் பட்டியலில் இருப்பதையும் விரல் வைத்துக் காட்டினார். கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கியதற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

அன்று ஆவணி அமாவாசை. அம்மா சைவம். இந்தியச் சாப்பாட்டுப் பகுதியில் பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், சப்பாத்தி எல்லாம் இருந்தன. தயிர் கேட்டால் பழம் போட்ட இனிப்புத் தயிர்தான் கிடைத்தது. பரிமாறியவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வெறும் தயிர் கொண்டுவந்தார். மறுநாளிலிருந்து நாங்கள் உட்காரும்போதே அந்தக் கிண்ணம் மேசையில் இருந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய். போர்ட் கிள்ளான்

கப்பல் நிற்கும் இடம் புலாவ் இண்டா. கோலாலம்பூருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசல் என்றால் இன்னும் கூட. பத்துமலைக்குப் போகலாமா என்று கணவர் கேட்டார். 272 படிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க அம்மாவுக்கு விருப்பமில்லை. "கிள்ளானே போதும்டா" என்றார்.

கப்பலில் விற்கும் சுற்றுலாக்களுக்கு வரும் பேருந்தில் ஏறப் படிகள்தான். நாற்காலியை மடித்துக் கீழே சாமான் அறையில் வைப்பார்கள், ஆள் படியேறி உட்கார வேண்டும். அதனால் சரிவுப்பலகை உள்ள வேன் ஒன்றை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் பேசி வைத்திருந்தோம். அரை நாளுக்கு 350 ரிங்கிட். ஓட்டி வந்தவர் கிள்ளான்காரர். நாற்காலியை நாலு பக்கமும் வாரால் கட்டிவிட்டு, அதை ஆட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் "பசியாறிட்டீங்களா அம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் பேரப்பிள்ளைகள் "பிரேக்ஃபாஸ்ட் ஆச்சா பாட்டி" என்றுதான் கேட்பார்கள்.

கிள்ளானின் குட்டி இந்தியாவான ஜாலான் தெங்கு கிளானாவில் இறங்கினோம். பூக்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை, நடுவில் எங்கேயோ ஓயாமல் பாட்டு. கனகாம்பரம் கிடைக்கவில்லை, மல்லிகை கிடைத்தது, ஒரு முழம் 5 ரிங்கிட். சாப்பாட்டுக் கடை வாசலில் ஓரடி உயரப் படி. நாங்கள் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து இரண்டு பையன்கள் வந்து, "அக்கா, நீங்க விடுங்க" என்று ஆளுக்கொரு பக்கம் தூக்கி வைத்துவிட்டார்கள். உதவிக்கு வருகிறவர்கள் கைப்பிடியையோ கால் வைக்கும் தட்டையோ பிடித்துத் தூக்கிவிடுவார்கள், அது கழன்று கையோடு வந்துவிடும். சட்டத்தைப் பிடிக்கச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர்கள் சட்டத்தைத்தான் பிடித்திருந்தார்கள். இலைச் சாப்பாடு 13 ரிங்கிட், தனியாக மீன் பொரியல். பெரியம்மா ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போதுதான் சிரமப்பட்டோம். காலையில் இறங்கியபோது கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போட்டிருந்த கேங்வே ஓரளவு சாய்வாகத்தான் இருந்தது. மாலை நாலு மணிக்கு வந்து பார்த்தால் செங்குத்தாக நின்றது. முந்தின நாள் அமாவாசை. கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் கூடவே ஏறுகிறது, கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கரையில் கட்டும் துறைமுகத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது என்பது எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை.

இரண்டு மாலுமிகள் வந்தார்கள். நாற்காலியைத் திருப்பி, அம்மாவின் முகம் கரையைப் பார்க்கும்படி வைத்து, ஒருவர் பின்னாலிருந்து இழுக்க, ஒருவர் முன்னாலிருந்து தாங்க, நின்று நின்று ஏற்றினார்கள். ஏறும்போது முன்பக்கமாகத் தள்ளினால் நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும் என்று எங்களுக்கு விளக்கினார்கள். பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, பாதியில் நின்றுவிட்டார். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு சீன ஆச்சி மட்டும் தன் விசிறியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, "மெதுவா, மெதுவா" என்று மலாயில் சொல்லிக்கொண்டே கூட வந்தார்.

நீங்கள் போகும் நாள் அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்கத்தில் வந்தால், கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டு, தண்ணீர் வற்றும் நேரத்தில் திரும்புங்கள். அவர்களிடம் தண்ணீர் ஏறும், வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இருக்கிறது. கேட்டால் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 4, புதன். பினாங்கு

காலை ஐந்தரைக்கே இரண்டு பேரும் எழுந்து பால்கனியில் இருந்தார்கள். பால்கனி வாசலில் சின்னச் சரிவு போட்டிருந்ததால் அம்மாவே ஒரு கையால் சக்கரத்தை உருட்டி வெளியே போய்விட்டார்.

சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கி, நிலையத்தைக் கடந்து வெளியே வந்தால் விக்டோரியா ராணி மணிக்கூண்டு. ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக 60 அடி உயரம் வைத்துக் கட்டியது. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து குட்டி இந்தியாவுக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். வாடகைக் கார் தேடவேண்டியதில்லை, வேன் வாடகையும் மிச்சம். சக்கர நாற்காலியோடு போகிறவர்களுக்கு இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் பினாங்குதான் முதலிடம் என்பது என் கருத்து.

ஆனால் நடைபாதையை நம்பிப் போகக் கூடாது. பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்கிற அஞ்சடி என்ற கூரை போட்ட நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் நல்ல ஒதுக்கிடம். 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த ஊர், அதனால் கடைகளை இடித்து மட்டமாக்கவும் மாட்டார்கள். ஒரு கடையின் தரை அரையடி உயரம், அடுத்தது தாழ்வு, அதற்கடுத்ததில் மோட்டார் சைக்கிள், பிறகு பூந்தொட்டி. கடைசியில் சாலை ஓரத்தில்தான் தள்ளினோம். கணவர் முன்னால் நடந்து வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டே போனார். கார்கள் பொறுமையாக ஒதுங்கிப் போயின, யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-ல் எழும்பியது. அம்மாவுக்கு அங்கேதான் காது குத்தியிருக்கிறார்கள். வாசலில் நின்றிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெரியவர் ஈரத்துணியோடு வந்து, சக்கரங்களைத் தானே துடைத்தார். "தெருமண்ணுதானே ஐயா, நான் துடைக்கிறேன்" என்று நான் குனிந்தேன். "நீங்க அம்மாவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, டயரின் வரிகளுக்கு நடுவே துணியை விட்டு முழுச் சுற்றும் துடைத்து முடித்தார். அர்ச்சகர் கற்பூரத் தட்டை அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்த்திப் பிடித்தார்.

மத்தியானம் நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றுக்கொண்டு போன சாப்பாடு. பெரியம்மா எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொன்னார். கோழி, வெண்டைக்காய், அவித்த முட்டை சேர்த்து 14 ரிங்கிட். கடையில் மேசைகள் நெருக்கம். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, ஓரத்து மேசையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு அம்மாவின் சக்கர நாற்காலிக்கு இடம் பண்ணினார். பணம் கொடுக்கும்போது "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். பேச்சு அரை மணி நேரம் போனது.

திரும்பும் வழியில் தூறல். அவசரமாகத் தள்ளினபோது நாற்காலியின் முன் சின்னச் சக்கரம் சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் இறங்கிவிட்டது. நல்லவேளை, அம்மா இடுப்பு வார் போட்டிருந்தார், முன்னால் சரிந்தவர் விழவில்லை. மணி எக்ஸ்சேஞ்ச் கடைத் தம்பி ஒருவர் ஓடிவந்து, முன்பக்கத்தைத் தூக்கிவிட்டார். சக்கரத்தின் ரப்பரில் ஒரு கீறல், மற்றபடி சேதமில்லை. கம்பி மூடிகளைக் கடக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பெரிய சக்கரத்தை முதலில் விட வேண்டும். இதை நான் மருத்துவமனையிலேயே கற்றிருந்தாலும், மழையில் கால் தானாக ஓடுகிறது.

மாலை கப்பல் நகரும்போது எதிர்க்கரையில் பட்டர்வொர்த். இரண்டு அடுக்குப் பழைய படகுகளை அம்மா தேடினார். அவை ஓய்ந்துவிட்டன, 2023-ல் வந்த புதுப் படகுகள்தான் ஓடுகின்றன என்று சொன்னேன். "பழசுல நின்னுக்கிட்டே போனா சைக்கிளும் ஆடும் கூட வரும்" என்று பெரியம்மா ஆரம்பித்தார். அது ராத்திரி சாப்பாடு வரை போனது.

செப்டம்பர் 5, வியாழன். புக்கெட்

புக்கெட் என்று போட்டிருந்தால் அது இரண்டு இடமாக இருக்கலாம். தீவின் கிழக்கே ஆவ் மகாம் ஆழ்கடல் துறைமுகத்தில் கப்பல் கரையில் கட்டும். மேற்கே பாத்தோங் கடற்கரை என்றால் கடலில் நங்கூரம், படகு. எங்களுடையது பாத்தோங். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடல் அலையை நேராக அந்தக் கரைக்குத்தான் தள்ளுகிறது. விடுமுறை இந்த மாதத்தில் வந்ததால் வேறு வழியில்லை.

படகு ஏறும் தளத்துக்குப் போகும் முன், தரையில் மஞ்சள் நாடா ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். அந்த இடைவெளியை யாருடைய உதவியும் இல்லாமல் தாண்டினால் படகில் போகலாம். அம்மாவால் முடியாது. பணியில் இருந்த பெண் அதிகாரி அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு, அவர் கண்ணைப் பார்த்துப் பேசினார்: படகும் தளமும் ஒரே சீராக ஏறி இறங்காது, நாற்காலியோடு தூக்கினால் எங்கள் ஆட்களும் நீங்களும் விழ நேரும், அதனால் அனுப்ப முடியவில்லை, மன்னியுங்கள். என்னிடம் சொல்லாமல் அம்மாவிடமே சொன்னார். அது எனக்குப் பிடித்தது. கீழே எட்டிப் பார்த்தேன். படகு ஒரு நொடி எங்கள் காலுக்குச் சமமாக இருந்தது, அடுத்த நொடி முழங்கால் ஆழத்துக்குக் கீழே போனது. மறுத்தது சரிதான்.

பெரியம்மா கோட்டைத் தாண்டிவிட்டார். என் கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். நானும் அம்மாவும் கப்பலில்.

எல்லாரும் இறங்கிய கப்பலில் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்தில் நாலைந்து பேர்தான். குளத்தோரம் உட்கார வைத்து இறக்கும் ஏற்றி ஒன்று இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். முன்கூட்டிச் சொன்னால் ஆள் வருவார் என்றார்கள், சொல்லி வைத்திருந்தேன். வந்த இளைஞர் விசையை அழுத்த, நாற்காலி குளத்தின் மேலே சுழன்று மெல்லக் கீழே இறங்கியது. நான் தண்ணீரில் நின்று அம்மாவை வாங்கிக்கொண்டேன். வாதம் வந்ததிலிருந்து மடிமேலேயே கிடந்த இடது கை, தண்ணீரில் தானாக மேலே வந்து மிதந்தது. விரல்கள் பிரிந்து நின்றன. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் அந்தக் கையை லேசாக அமுக்கி விட்டார், அது மறுபடி எழும்பியது. அப்படியே திரும்பத் திரும்பச் செய்தார். முக்கால் மணி நேரம் ஏற மறுத்துவிட்டார்.

கரைக்குப் போனவர்கள் பாடு வேறு. பிற்பகல் அலை கூடிவிட்டது. படகுகள் மெதுவாக்கப்பட்டு, கடற்கரைப் பந்தலில் எல்லாரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். உட்கார நாற்காலி இல்லை. ஓர் ஆஸ்திரேலியக் குடும்பம் தங்கள் குளிர்பானப் பெட்டியைக் கவிழ்த்துப் பெரியம்மாவை உட்கார வைத்திருக்கிறது. கப்பலில் ஏறும்போது இரண்டு மாலுமிகள் இரண்டு கையையும் பிடித்து, அலை உயரும்வரை காத்திருந்து, "இப்போது" என்ற சொல்லுக்கு அவரைத் தூக்காத குறையாக இழுத்திருக்கிறார்கள். அறைக்கு வந்தபோது புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது, கை நடுங்கியது. பையில் எங்களுக்காக வாங்கிய மாம்பழ ஒட்டுச்சோறு, 100 பாட், நசுங்காமல் வந்திருந்தது. அதை அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டே, "இனிமே படகு இருக்குற ஊரே வேணாம்" என்றார். அன்று இரவு சாப்பிடப் போகும்போது கப்பல் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கித் தாமாகவே உட்கார்ந்தார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி. கடலில்

நாள் முழுக்க மழை. எல்லாரும் உள்ளேதான். சக்கர நாற்காலிக்குக் கடலில் போகும் நாள்தான் மிகவும் சிரமம். லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நிரம்பியே வருகிறது. நடக்க முடிகிறவர்கள் ஒரு மாடி இறங்கக்கூட அதில் ஏறுகிறார்கள். நாங்கள் காத்திருந்த இடத்தில், கதவு திறந்ததும் எங்களைத் தாண்டிப் பத்துப் பேர் உள்ளே போனார்கள். கைத்தடியோடு நின்ற ஒரு சீனப் பெரியவர் தடியைக் கதவுக்கு நடுவில் நீட்டி, "சக்கர நாற்காலி முதலில்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உரக்கச் சொல்லவில்லை. இரண்டு பேர் இறங்கி இடம் விட்டார்கள்.

அதற்குப் பிறகு நேரத்தை மாற்றிக்கொண்டோம். காலை ஏழுக்கு முன், மத்தியானம் இரண்டரைக்கு மேல். அறை எடுக்கும்போது லிஃப்டுக்குப் பக்கத்தில் எடுப்பது நல்லது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டமும் குறைவு. எங்கள் அறை நடுவில்தான் இருந்தது. புக்கெட்டை விட்டு வந்த இரவு கப்பல் உருண்டபோதும் அம்மா தூங்கிவிட்டார். முன்முனை அறைகளில் இருந்தவர்கள் காலையில் முகம் வெளுத்து நின்றார்கள். தாழ்வாரத்தில் நாற்காலியை விட்டு வைக்கவும் முடியாது. தீ விபத்து வந்தால் வழியை மறிக்கும் என்பதால் அறைக்குள்தான் வைக்க வேண்டும். சாதாரண அறை எடுத்து, மடக்காத நாற்காலியோடு வந்திருந்த ஒரு குடும்பம் இதனால் படாத பாடு பட்டது.

தேடும்போது உதவிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடற்பகுதிக்குள் வரும் சொகுசுக் கப்பல் எந்த நாட்டுக் கொடி பறக்கவிட்டாலும் அந்த நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுவாகப் பொருந்தும் என்று 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே ஓடும், அல்லது முன்பு ஓடிவிட்டு நம் பக்கம் வரும் கப்பல்களில் அகலக் கதவும் குள ஏற்றியும் இருக்கும் வாய்ப்பு அதிகம். நான் விலையைப் பார்ப்பதற்கு முன் கப்பல் இதற்கு முன்னால் எங்கே ஓடியது என்று பார்த்தேன்.

மாலை கணக்குச் சீட்டு வந்தது. பணியாளர் கட்டணம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு அமெரிக்க டாலர் சொச்சம். நாலு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகைதான். கட்டில் நகர்த்திய தம்பிக்கும் தயிர் கொண்டுவந்தவருக்கும் அம்மா தன் கையால் தனியாகவும் கொடுத்தார்.

செப்டம்பர் 7, சனி. சிங்கப்பூர்

விநாயகர் சதுர்த்தி. காலை எட்டுக்குள் வீட்டுக்குப் போய்க் கொழுக்கட்டை பிடிக்கலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். அது நடக்கவில்லை. உதவி வேண்டுபவர்களையெல்லாம் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, வரிசை எண் கொடுத்தார்கள். தள்ளிச் செல்ல ஆட்கள் போதவில்லை. எங்கள் நாற்காலி எங்களிடம்தான் இருக்கிறது, நாங்களே தள்ளிப் போகிறோம் என்று கேட்டதற்கும் வரிசைப்படிதான் என்றார்கள். கூடத்தில் குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. சர்க்கரை நோயாளிகள் எத்தனையோ பேர் காலை உணவை முடிக்காமல் வந்து காத்திருந்தார்கள். கப்பலில் வேறெங்கும் இல்லாத அலட்சியத்தை இங்கேதான் பார்த்தேன். கருத்துப் படிவத்தில் இதை விவரமாக எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கூடத்தில் இன்னொன்று நடந்தது. நாற்காலிகள் வட்டமாக நிற்க, பேச்சு தொடங்கியது. ஈப்போவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி, இருவரில் ஒருவருக்கு ஒரு கால் இல்லை, பல தடவை கப்பலில் போனவர்கள். அவர்களிடம் ஊர் ஊராகக் கணக்கு இருந்தது. கோ சமுய் என்றால் படகுதான், தொடவே வேண்டாம். லங்காவியில் கரையில் கட்டும். ஹோ சி மின் நகரம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது ஃபூ மி துறைமுகத்தில், கரையில் கட்டும், ஆனால் நகரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரச் சாலைப் பயணம். பாங்காக் என்று போட்டிருந்தால் லேம் சபாங், அதுவும் அப்படித்தான், போய்வரவே நாள் தீர்ந்துவிடும். "துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள், நகரத்தின் பெயரைச் சொன்னால் விடாதீர்கள்" என்றார் அந்த அம்மையார். நான் எழுதிக்கொண்டேன். பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, லங்காவியில் கேங்வே எப்படி, சாப்பாடு எப்படி, கழிப்பறை எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

பத்தரைக்கு எங்கள் எண் வந்தது. தேக்கா சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்திக் கொழுக்கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று மாலையே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன்: அடுத்த ஆண்டு லங்காவி போகும் கப்பலில் 32 அங்குலக் கதவுள்ள அறை இருக்கிறதா, எந்தத் துறையில் கட்டும், கட்டும் நேரத்தில் ஓதம் எவ்வளவு, கேங்வே சாய்வாக இருந்தால் தள்ள எத்தனை பேர் வருவார்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது, சக்கர நாற்காலி ஒன்றல்ல, இரண்டு என்று பெரியம்மா திருத்தச் சொன்னார், திருத்தி அனுப்பினேன்.